நாடு விழுந்தால் மறுசீரமைப்பு, கடைக்காரர் விழுந்தால் தலைமறைவு

2022 ஏப்ரல் 12. ரமழானின் முதல் பத்து முடிகிற நேரம். வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று இலங்கை அரசாங்கம் அறிவித்தது. நிதி அமைச்சு ஒரு அறிக்கை விட்டது, அவ்வளவுதான். அதே ரமழானில் கல்முனைப் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஒரு புடவைக்கடைக்காரரும் கடன் கட்டுவதை நிறுத்தினார். அவர் அறிக்கை எதுவும் விடவில்லை. பெருநாள் முடிந்து ஒரு வாரத்தில் ஆளைக் காணவில்லை. போன் ஓஃப். கடை பூட்டு.

நாட்டுக்கு நடந்ததற்கு 'கடன் மறுசீரமைப்பு' என்று பெயர் வந்தது. அவருக்கு நடந்ததற்கு ஊர் வைத்த பெயர், 'சுருட்டிட்டு ஓடிட்டார்'.

இந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறோம். 'வங்குரோத்து' என்ற சொல்லை அந்த வருடம் நாங்கள் எல்லோரும் வாய் வலிக்கச் சொன்னோம். வங்குரோத்து நாடு, வங்குரோத்து அரசாங்கம், வங்குரோத்து அரசியல். ஒல்லாந்தரின் 'பங்க்ரூட்' என்ற சொல்லின் உறவு அது. அதற்கும் பின்னால் இத்தாலிக்காரரின் 'உடைந்த பலகை' இருக்கிறது என்பார்கள். காசு மாற்றுகிறவன் விழுந்தால் அவன் உட்கார்ந்து வியாபாரம் செய்த பலகையை உடைத்தார்களாம். தமிழ்நாட்டில் இதற்குத் திவால் என்பார்கள், பேச்சில் மஞ்சக் கடுதாசி. எங்கள் ஊரில் 'ஆள் விழுந்துட்டார்' என்றால் போதும். எந்தச் சொல்லை எடுத்தாலும் அதற்குள் ஒரு சிரிப்பும் ஒரு காறித்துப்பலும் சேர்ந்தே இருக்கிறது.

அந்தக் கடைக்காரரின் பெயர் வேண்டாம். அவர் எப்படி விழுந்தார் என்பதை மட்டும் சொல்கிறோம், ஏனென்றால் அது அவருடைய கதை மட்டும் இல்லை.

புடவைக்கடைக்கு வருடத்தில் பத்து மாதம் சும்மா. நோன்புக் கடைசிப் பத்தும் ஹஜ் பெருநாளும், பிறகு சித்திரைப் புத்தாண்டும் தீபாவளியும்தான் கடையைத் தூக்கி நிறுத்துகிற நாட்கள். அதற்கான சாமானைக் கொழும்பு இரண்டாம் குறுக்குத் தெருவில் எடுப்பார்கள். கையில் காசு கொடுத்து இல்லை. மூன்று மாதம், நாலு மாதம் கழித்த திகதி போட்ட செக் கொடுத்து. பெருநாள் வியாபாரம் நடக்கும், செக் பாஸாகும், திரும்ப எடுப்பார்கள். இந்த வட்டம் ஒரு தடவை அறுந்தால் சமாளிக்கலாம். 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்பு, அதே கிழமையில் சாய்ந்தமருது, கல்முனையில் ஊரடங்கு, அதற்குப் பிறகு 'முஸ்லிம் கடைக்குப் போகாதே' என்ற பிரசாரம். அந்த நோன்பு அப்படியே போனது. 2020 நோன்பு கொரோனா ஊரடங்கில் போனது. 2021இல் பெருநாளுக்கு முந்தின இரவு நாடு முழுக்கப் பயணத்தடை. மூன்று நோன்பு தொடர்ந்து விழுந்தால் எந்தப் புடவைக்கடை நிற்கும்?

அவர் நின்றார். எப்படி என்றால், வீட்டு உறுதியை வங்கியில் வைத்தார். பக்கத்து ஹாட்வெயார் காக்காவிடம் கைமாற்று வாங்கினார். தெருவில் சீட்டுப் பிடிக்கிற ஒரு ராத்தாவின் சீட்டுக் காசைக் 'கடையில போட்டுத் தாறன்' என்று வாங்கினார். ஒரு செக்கை அடைக்க இன்னொரு செக். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள். 200 ரூபாய்ப் பக்கம் இருந்த டொலர் ஏப்ரலுக்குள் 300ஐத் தாண்டியது. செக்கை அடைப்பதற்காகக் கையிலிருந்த சாமானை வந்த விலைக்கு விற்றார்; விற்ற காசுக்கு அதில் அரைவாசிச் சாமான்கூடத் திரும்ப எடுக்க ஏலவில்லை. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளியால் உயர்த்தியது. ஓவர் டிராப்ட் வட்டி அவரைக் கேட்டு ஏறவில்லை. பெருநாள் முடிந்தது, செக்குகள் ஒன்றன்பின் ஒன்றாய் ரிட்டர்ன்.

பிறகு நடந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம். முதலில் மோப்பம் பிடித்த ஒரு மொத்த வியாபாரி லொறியோடு வந்து மிஞ்சிய சாமானை ஏற்றிக்கொண்டு போனார். வங்கிக்கு வீட்டு உறுதி கையில் இருந்தது, அவர்களுக்கு அவசரமில்லை. மற்ற வியாபாரிகள் செக்கைத் தூக்கிக்கொண்டு பொலிசுக்குப் போனார்கள். ஹாட்வெயார் காக்கா கடைக்கு முன்னால் நின்று கத்திவிட்டுப் போனார். கடையில் நின்ற இரண்டு பொடியன்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் இல்லை. சீட்டு ராத்தாவுக்கு எதுவுமே இல்லை. அவ எல்லோருக்கும் பிறகுதான் கேள்விப்பட்டா.

முறையான வங்குரோத்து என்று ஒன்று ஊரில் இல்லாவிட்டால் நடப்பது இதுதான்: ஓட்டப் போட்டி. வேகமாக ஓடுகிறவனுக்கும் பலமானவனுக்கும் கிடைக்கும், மற்றவர்களுக்கு வாய்க்கரிசி. வங்குரோத்துச் சட்டம் என்றால் கடன்காரனைத் தப்ப விடுகிற சட்டம் என்று நாங்களும் நினைத்திருந்தோம். வாசித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது, அது கடன் கொடுத்தவர்களை வரிசையில் நிற்க வைக்கிற சட்டம். இருப்பது இவ்வளவு, கொடுக்க வேண்டியது இவ்வளவு, யாரும் தனியாக வந்து அள்ளக்கூடாது, எல்லோரும் ஒரே மேசையில் உட்காருங்கள் என்கிறது. வேலை செய்தவனின் சம்பளத்துக்கு அதில் முன்னிடம் கொடுக்கிற நாடுகள் பல. எல்லாம் பிரித்த பிறகு, நேர்மையாக விழுந்தவனுக்கு 'இதோடு முடிந்தது, போய்த் திரும்பத் தொடங்கு' என்று ஒரு கடிதம்.

நாட்டுக்கு அந்த மேசை கிடைத்தது. 2022 ஜூலை 5ஆம் திகதி அப்போதைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க பாராளுமன்றத்தில் எழும்பி, வங்குரோத்தான நாடாகத்தான் பேச்சுவார்த்தைக்குப் போகிறோம் என்று ஒத்துக்கொண்டார். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் திட்டத்துக்குச் சம்மதித்தது. இது இலங்கை அங்கே போன 17ஆவது தடவை. 2024 ஜூனில் கடன் கொடுத்த நாடுகளின் குழுவோடு உடன்பாடு. ஒருவருக்குக் கொடுத்த சலுகையைவிட இன்னொருவருக்குக் கூடுதலாகக் கொடுக்கக்கூடாது என்ற விதியோடுதான் எல்லோரும் பேசினார்கள். 2024 டிசம்பரில் சர்வதேச முறிகளை வைத்திருந்தவர்கள் அசலில் 27 வீதத்தை வெட்டச் சம்மதித்துப் புதிய முறிகளை வாங்கிக்கொண்டார்கள். நாட்டின் பொருளாதாரம் நினைத்ததைவிட நன்றாக வளர்ந்தால் அந்த வெட்டு குறையும். அதாவது உன்னால் முடிந்தால் கூடத் தா, முடியாவிட்டால் குறையத் தா.

இந்த வசனத்தை எங்கள் கடைக்காரரிடம் யாராவது சொல்லியிருந்தால்?

நாட்டின் மேசையும் அவ்வளவு சுத்தமானது இல்லை என்பதையும் சொல்லவேண்டும். 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகளிடம் இருந்த திறைசேரி முறிகளில் கை வைக்கவில்லை, வங்கி ஆடினால் எல்லாம் ஆடும் என்று காரணம் சொன்னார்கள். சுமை போய் விழுந்தது ஊழியர் சேமலாப நிதியத்தின் மேல். ஆடைத் தொழிற்சாலையில் நிற்கிற தங்கச்சியின் கடைசிக்காலக் காசு. அந்த மேசையில் அவளுக்குக் கதிரை இருக்கவில்லை. சீட்டு ராத்தாவைப் போலத்தான் அவளும். இன்னொன்று: வங்குரோத்தானவர் என்று தீர்மானிக்கப்பட்டு அதிலிருந்து விடுவிக்கப்படாத ஆள் பாராளுமன்ற உறுப்பினராக முடியாது என்கிறது எங்கள் அரசியலமைப்பின் 91ஆம் உறுப்புரை. ஒரு நாட்டையே வங்குரோத்தாக்கியவர்களுக்கு அப்படி ஒரு உறுப்புரை இல்லை. 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் ராஜபக்ஷ சகோதரர்கள் உட்படப் பலர் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்று தீர்ப்புச் சொன்னது. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவு கொடுக்கச் சொன்னார்கள். புடவைக்கடைக்காரர் அந்தத் தீர்ப்பைப் போனில்தான் வாசித்திருப்பார்.

சரி, தனி ஆளுக்கு இலங்கையில் சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். விக்டோரியா மகாராணி காலத்துச் சாமான். இங்கிலாந்தில் கடன் கட்டாதவனைச் சிறையில் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்திலேயே இங்கிலாந்துக்காரன் ஒரு நல்ல வேலை செய்திருந்தான். 1849ஆம் ஆண்டுச் சட்டப்படி வங்குரோத்தான வியாபாரிக்கு மூன்று தரத்தில் சான்றிதழ். தவிர்க்க முடியாத நட்டத்தால் விழுந்தவனுக்கு முதலாம் தரம், கொஞ்சம் துரதிர்ஷ்டம் கொஞ்சம் தன் பிழை என்றால் இரண்டாம் தரம், முழுக்கத் தன் பிழை என்றால் மூன்றாம் தரம். தரம் போட்டு மனிதனை அவமானப்படுத்துகிறார்கள் என்று 1861இல் அதைத் தூக்கிவிட்டார்கள். ஆனாலும் விழுந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி விழுவதில்லை என்ற விசயம் அவர்களுக்கு விளங்கியிருக்கிறது. எங்கள் தெருவுக்கு இன்னும் விளங்கவில்லை. இங்கே மூன்று தரமும் 'கள்ளன்'தான்.

எங்கள் 1853ஆம் ஆண்டுச் சட்டத்திலும் விடுதலைக்கு வழி இருக்கிறது. யார் அதைத் தேடிப் போவது? எங்கள் ஊரில் ஒருவர் அந்த வழியால் போய் வெளியே வந்தார் என்று நாங்கள் கேள்விப்பட்டதேயில்லை. ஊருக்குத் தெரிந்த சட்டங்கள் வேறு. பணமில்லை என்று தெரிந்துகொண்டு செக் எழுதினால் 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின்படி குற்றம், சிறைக்கும் போகலாம். அதே ஆண்டின் இன்னொரு சட்டத்தால் அடகு வைத்த வீட்டை வங்கி வழக்குப் போடாமலே ஏலத்தில் விடலாம். 'பராட்டே' என்று பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். நாடு வங்குரோத்தாகி சின்ன வியாபாரிகள் கூட்டம் கூட்டமாக விழுந்த பிறகு, 2024இல் அதைக் கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்தார்கள். எங்கள் ஆளின் வீட்டுக்கு அது பிந்திப் போனது.

இந்த இடத்தில் மோட்டிவேசன் பேச்சாளர்கள் மேல் எங்களுக்கு ஒரு கோபம் இருக்கிறது, அதையும் கொட்டிவிடுகிறோம். தோற்றுப் பழகு, விழுந்து எழும்பு, வால்ட் டிஸ்னியே வங்குரோத்தானவர்தான் என்று மேடையில் சொல்கிறார்கள். உண்மைதான். 1923இல் கன்சாஸ் நகரத்தில் டிஸ்னியின் முதல் ஸ்டூடியோ வங்குரோத்தானது. அதே வருடம் ஹொலிவூட்டுக்குப் போய் அண்ணனோடு சேர்ந்து புதிய ஸ்டூடியோ தொடங்கினார். ஆனால் அவர் ரயிலில் பகிரங்கமாகத்தான் போனார். பழைய கடனுக்கு நீதிமன்றத்தில் ஒரு கணக்கு நடந்துகொண்டிருந்தது. பழைய கம்பனியின் கடன்காரர்கள் புதிய ஸ்டூடியோவின் வாசலில் வந்து நிற்கவில்லை. டிஸ்னியின் மன உறுதியைப் பற்றி மூன்று மணி நேரம் பேசுகிறவர்கள், அந்த நாட்டின் சட்டத்தைப் பற்றி மூன்று நிமிசம் பேசுவதில்லை. கல்முனையில் கடை போட்டிருந்தால் டிஸ்னியும் கட்டாருக்குத்தான் போயிருப்பார்.

சட்டத்தை விடுங்கள். எங்களிடம் அதைவிடப் பழைய ஒன்று இருக்கிறதே? கடனைப் பற்றி நாங்கள் சின்ன வயதிலிருந்து கேட்ட பயான்கள் எல்லாம் பயமுறுத்துகிற பயான்கள். கடனோடு மௌத்தானவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்த நபி (ஸல்) தயங்கிய சம்பவம் எல்லோருக்கும் மனப்பாடம். மறுமையில் யார் முஃப்லிஸ் என்பதும் தெரியும். தேவையான பயம்தான், அதில் குறை சொல்லவில்லை. ஆனால் சஹீஹ் முஸ்லிமில் இருக்கிற இன்னொரு சம்பவத்தை நாங்கள் பெரியவர்களாகி, நாங்களாகத் தேடித்தான் கண்டுபிடித்தோம். பழம் வாங்கிய ஒருவர் நட்டப்பட்டுப் பெரிய கடனில் விழுகிறார். நபியவர்கள் மக்களிடம், இவருக்குத் தர்மம் கொடுங்கள் என்கிறார்கள். கொடுக்கிறார்கள், போதவில்லை. பிறகு கடன் கொடுத்தவர்களைப் பார்த்து, கிடைத்ததை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்ற கருத்தில் முடித்து வைக்கிறார்கள். ஊர் பங்கு போட்டது, கடன் கொடுத்தவரும் பங்கு போட்டார், விவகாரம் முடிந்தது. ஸூரா பகராவில் கஷ்டத்தில் இருக்கிற கடன்காரருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிற வசனத்துக்கு இரண்டு வசனம் தள்ளித்தான், கடனை எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வையுங்கள் என்கிற அந்த நீண்ட வசனம் வருகிறது. கொப்பியும் கருணையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எங்கள் ஊரில் கைமாற்றுக்குக் கொப்பியும் இல்லை, விழுந்தால் கருணையும் இல்லை.

ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில் கடன்பட்டவர்களும் ஒரு கூட்டம். ஊரில் ஸகாத் காசில் தையல் மெசின் கொடுக்கிறோம், வீடு கட்டிக் கொடுக்கிறோம், மீன் வியாபாரத்துக்கு மோட்டர் சைக்கிள் கொடுக்கிறோம். எல்லாம் நல்லது. வியாபாரத்தில் விழுந்த ஒருவருக்குக் 'கடன்பட்டவர்' என்ற பங்கிலிருந்து கொடுத்ததை நாங்கள் பார்த்ததில்லை. நேற்றுவரை ஸகாத் கொடுத்துக்கொண்டிருந்த மனிதர் இன்றைக்கு எப்படிப் படிவம் நிரப்புவார் என்ற வெட்கமும் இதில் இருக்கிறது.

இதையெல்லாம் அந்த ஹாட்வெயார் காக்காவிடம் கொண்டுபோனோம். கடன் கொடுத்தவரிடம் கேட்காமல் கடன்காரருக்காக எழுதுவது சரியில்லை.

"உங்களுக்கென்ன தம்பி, லேசா எழுதிருவீங்க. எண்ட சல்லிக்கு யாரு பொறுப்பு?" என்றார். "இப்பிடி ஒரு வழியத் துறந்து உட்டா, நாளைக்கு ஊருல பாதிப்பேரு கையத் தூக்கிருவான். மனிசன் சும்மா இரிக்கமாட்டான்."

நியாயமான பயம். நூற்றுக்கு இத்தனை வீதம் இலாபம் தருகிறோம் என்று சொல்லி, வெளிநாட்டில் உழைத்த காசையும் விற்ற காணிக் காசையும் திரட்டிக்கொண்டு போனவர்களை இந்தக் கரையோரம் கண்டிருக்கிறது. அவர்களும் 'நட்டப்பட்டுட்டம்' என்றுதான் சொன்னார்கள். ஆனால் காக்கா, அவர்களைத்தான் இப்போதைய முறை நன்றாகக் காப்பாற்றுகிறது என்றோம். கணக்கைத் திறக்கச் சொல்லும் ஒரு மேசை இருந்தால் முதலில் மாட்டுகிறவன் கள்ளன். கொப்பியையும் வங்கிக் கூற்றையும் சபையில் வைக்க அவனால் ஏலாது. நட்டப்பட்டவனால் ஏலும். இரண்டு பேரும் இரவோடிரவாகக் காணாமல் போகிற ஊரில் யார் கள்ளன், யார் நட்டப்பட்டவன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆணிப் பெட்டியை நகர்த்தி வைத்தார்.

"போற அண்டைக்கி முதல் நாளும் இந்த வாங்குல இருந்துதான் டீ குடிச்சாரு. ஒரு சொல்லுச் சொல்லல்ல. சொல்லியிருந்தா நான் பொறுத்திருப்பன். அரைவாசியத் தா, மத்தத உட்டுத் தாறன் எண்டும் சொல்லியிருப்பன். சல்லி போனது வேற. சொல்லாமப் போனதுதான் இன்னமும் கிடக்கு."

அவர் ஏன் சொல்லவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். ஒரு ஆளிடம் சொன்னால் விடியும் முன் ஊருக்குத் தெரியும். தெரிந்த உடனே லொறி வரும். வாய் திறந்தவன்தான் முதலில் அழிவான் என்ற ஊரில் யார் வாயைத் திறப்பார்? அவர் இரண்டு வருடம் முந்திச் சொல்லியிருந்தால், மூன்றாவது நோன்புக்குச் சாமான் எடுக்காமல் விட்டிருந்தால், கடை போயிருக்கும், வீடு மிஞ்சியிருக்கும். ராத்தாவின் சீட்டுக் காசும் மிஞ்சியிருக்கும். நாடும் இதே பிழையைத்தான் விட்டது. கையிருப்பு கரைகிறது, இப்போதே கடன் கொடுத்தவர்களோடு பேசுங்கள் என்று பொருளியலாளர்கள் சொல்லிக்கொண்டிருக்க, 2022 ஜனவரியில்கூட 500 மில்லியன் டொலர் முறியைக் கட்டினார்கள். கௌரவத்துக்காகக் கட்டிய காசு. மூன்று மாதத்தில் எரிவாயு வரிசை.

எனவே ஒரு சின்ன யோசனை. பெரிய சட்டத்தைக் கொழும்புக்காரர் திருத்தட்டும். அதுவரை ஊரில் ஒரு மேசை போடலாம். மத்தியஸ்த சபை இருக்கிறது, ஆனால் அங்கே வழக்கம் இரண்டு பேருக்கிடையிலான பிணக்கைப் பேசுவது. இங்கே தேவை கடன் கொடுத்த பதினைந்து பேரையும் ஒரே நாளில் உட்கார வைக்கிற இடம். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருவர், வர்த்தக சங்கத்தில் இருவர், ஒரு சட்டத்தரணி, கணக்கு விளங்கிய ஒரு ஆள், கட்டாயம் ஒரு பெண், ஏனென்றால் சீட்டுக் காசு பெண்களுடையது. விழப்போகிறவர் கொப்பியோடு வருவார். ஆறு மாதம் யாரும் சாமானில் கை வைக்கமாட்டோம் என்று கையெழுத்து. சின்னக் கடனும் சம்பளமும் முதலில். விற்கக்கூடியதை ஏலம் போட்டு விற்கலாம், தையல் மெசினையும் படுக்கிற வீட்டையும் தவிர. ஸகாத்திலிருந்து ஒரு பங்கு. பிறகு ஒரு திகதி; அந்தத் திகதிக்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. வங்கியை இந்த மேசைக்கு இழுக்க எங்களால் ஏலாது, பொலிசில் இருக்கிற செக் வழக்கையும் இந்த மேசை தானாக நிறுத்தாது. ஆனாலும் ஊருக்குள் இருக்கிற கடன் ஊருக்குள் தீரும். யாராவது ஒரு ஊர் தொடங்கட்டும். மருதமுனையா, நிந்தவூரா, அக்கரைப்பற்றா என்று எங்களுக்குப் போட்டி இல்லை.

அவர் இப்போது கட்டாரில் ஒரு சுப்பர் மார்க்கட்டில் நிற்கிறார். சொந்தக் கடையில் முப்பது வருடம் நின்ற மனிதர், அங்கே இன்னொருவரின் கடையில் விலைச்சீட்டு ஒட்டுகிறார். சீட்டு ராத்தாவுக்கு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பி முடித்துவிட்டார் என்று அவவே சொன்னா. பொடியன்களின் சம்பளமும் வந்துவிட்டது. யாரும் கேட்காமலே இந்த வரிசையை அவராகவே பிடித்திருக்கிறார்.

மகளுக்கு நிகாஹ் பேசியிருக்கிறார்கள். போன மாதம் எங்களில் ஒருவனுக்கு வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "தம்பி, ரெண்டு நாளைக்கி வந்துட்டுப் போகலாமா? எயார்போட்ல புடிப்பாங்களா எண்டு ஒரு ஆளுட்டக் கேட்டுச் சொல்லுங்க." தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டோம். எத்தனை செக், எந்தெந்தப் பொலிசில் முறைப்பாடு, பிடியாணை இருக்கிறதா என்று அவர் திருப்பிக் கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை, அவருக்கும் முழுதாகத் தெரியாது. அப்படியென்றால் உறுதி சொல்ல ஏலாது என்றார் சட்டத்தரணி. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், பதில் இன்னும் அனுப்பாமல் வைத்திருக்கிறோம்.